அண்ணனின் ரத்தமும் நான்கு சனிக்கிழமைகளும்: ஒரு வகுப்பைப் பற்றிய மதிப்புரை

சென்ற ஆண்டு என் அண்ணனுக்கு வந்த மருத்துவ அறிக்கையில், எண்களும் சுருக்கெழுத்துகளும் நிறைந்த பக்கத்தின் அடியில், "ஜாக்2 வி617எஃப்: உள்ளது" என்று ஒற்றை வரி இருந்தது. 29 ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வெந்நீரில் குளித்துவிட்டு வந்தாலே உடம்பெல்லாம் அரிக்கிறது என்று பலதுறை மருந்தகத்துக்குப் போனவருக்கு, ரத்தச் சோதனையில் ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 57 விழுக்காடு என்று வந்ததால், அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நோயின் பெயர் பாலிசைத்தீமியா வேரா. எலும்பு மஜ்ஜை தேவைக்கு மேல் ரத்த அணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், மெதுவாக நடைபோடும் ரத்தப் புற்றுநோய். சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு பை ரத்தத்தை எடுத்துவிடுவார்கள், தினமும் சிறு அளவு ஆஸ்பிரின் உண்டு. மருத்துவர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஆனால் வீட்டுக்கு வந்து கோப்பியைக் கையில் எடுத்ததும் அண்ணன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "ரத்தம் ஜாஸ்தியா ஊறுனா நல்லதுதானே பாப்பா, இத எதுக்குப் புற்றுநோய்ங்கிறாங்க?"

நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். அறிவியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவள். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான், சிங்கப்பூரின் பிராஸ் பசா பக்கம் ஒரு தனியார் கல்வி நிலையம் பொதுமக்களுக்காக நடத்தும் "ரத்தம் உருவாகும் விதம்: சமிக்ஞைகளும் புற்றுநோயும்" என்ற வகுப்பில் எங்கள் இருவர் பெயரையும் பதிந்தேன். நான்கு சனிக்கிழமைகள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், தலைக்கு 160 வெள்ளி. திறன் வளர்க்க அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகையைப் பயன்படுத்த முடியாது. பாடம் ஆங்கிலத்தில், கையேடும் ஆங்கிலத்தில், கூடவே மாண்டரின், மலாய், தமிழ் ஆகிய மொழிகளில் ஒரு சொற்பட்டியல். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளைப் பின்னூட்டப் படிவத்தின் இரு பக்கங்களிலும் நிரப்பிக் கொடுத்துவிட்டேன், அவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

முதல் வாரம் அடிப்படை. பெரியவர் ஒருவரின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களைச் செய்கிறது, அதாவது நொடிக்கு இருபது லட்சத்துக்கு மேல். சிவப்பணு 120 நாள் வாழ்கிறது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு ஒரு வாரம் பத்து நாள், கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் ஒரு நாள் தாக்குப்பிடித்தாலே அதிகம். இவையெல்லாம் குருத்தணு என்ற ஒரே மூதாதையிலிருந்து வருகின்றன என்பதற்கான வலுவான சான்றை 1961-ல் டொரோண்டோவில் டில், மெக்கல்லக் என்ற இருவர் எலிகளின் மண்ணீரலில் முளைத்த சிறு முடிச்சுகளில் கண்டார்கள். இவ்வளவையும் ஆசிரியர் நிதானமாகவே சொன்னார். பள்ளிப் பாடம்போல் இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பிற்பகல் இரண்டு மணி வகுப்பு, குளிரூட்டி வேறு நன்றாக வேலை செய்தது.

இரண்டாம் வாரத்துக்காகத்தான் நான் இந்த மதிப்புரையையே எழுதுகிறேன்.

ஆசிரியர் ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்றைக்கு அவர் புற்றுநோய் என்ற சொல்லை முதல் ஒன்றரை மணி நேரம் உச்சரிக்கவே இல்லை. எரித்ரோபொயட்டின் என்ற ஒரே ஒரு ஹார்மோனை எடுத்துக்கொண்டு, அது சிறுநீரகத்தில் பிறப்பதிலிருந்து மஜ்ஜையில் முடிவது வரை படிப்படியாகக் கூட்டிச் சென்றார். ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் அதை முதலில் உணர்வது சிறுநீரகத்தின் சில அணுக்கள். சாதாரணமாக உடனுக்குடன் சிதைக்கப்பட்டுவிடும் ஹிஃப் என்ற புரதம், பிராணவாயு குறையும்போது சிதையாமல் நின்று, எரித்ரோபொயட்டினைச் செய்யும் மரபணுவை முடுக்குகிறது. (அணுக்கள் பிராணவாயுவை உணரும் இந்த வழியைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019-ல் நோபெல் பரிசு கிடைத்தது.) ஹார்மோன் ரத்தத்தில் மிதந்து மஜ்ஜைக்குப் போய், சிவப்பணுவாக மாறக் காத்திருக்கும் இளம் அணுக்களின் மேல் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் புரதமான ஏற்பியில் அமர்கிறது. அது அணுவைப் "பெருகு" என்று விரட்டுவதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த இளம் அணுக்கள் எப்போதும் சாவின் விளிம்பில் நிற்கின்றன. ஹார்மோன் வராவிட்டால் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். ஹார்மோன் முக்கியமாகச் சொல்வது "சாகாதே" என்பதுதான் என்று ஆசிரியர் சொன்னபோது, முன்வரிசையில் கையேட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்த அண்ணன் தலையை நிமிர்த்தினார்.

பிறகு பெட்டியைத் திறந்தார்கள். மேசைக்கு ஒரு பெட்டி. உள்ளே காந்தம் பதித்த ரப்பர் நுரைத் துண்டுகள். இரண்டு நீலத் தூண்கள் ஏற்பி. ஒவ்வொரு தூணின் அடியிலும் ஜாக்2 என்ற நொதியின் துண்டு. அதற்கு இரண்டு பாகங்கள், ஒன்று வேலை செய்யும் பாகம், மற்றொன்று அதைப் பிடித்துவைத்திருக்கும் பாகம். இந்த இரட்டை முகத்தால்தான் அதற்கு ஜேனஸ் என்ற ரோமானியக் கடவுளின் பெயரை வைத்தார்கள். அதற்கு முன்பு ஆய்வாளர்கள் "இன்னொரு சாதாரண கைனேஸ்" (கைனேஸ் என்பது பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) என்ற பொருள்படும் ஆங்கிலச் சுருக்கமாகத்தான் ஜாக் என்று விளையாட்டாக அழைத்துவந்தார்களாம். மஞ்சள் நிற ஹார்மோனை இரு தூண்களுக்கும் நடுவில் வைத்தால் தூண்கள் சற்றே திரும்புகின்றன, அடியில் இருக்கும் ஜாக்2 துண்டுகள் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று தட்டிவிடுகின்றன. அடுத்து ஏற்பியின் வாலில் பாஸ்பேட் ஒட்டுகிறது, அதில் ஸ்டாட்5 என்ற தூதுவர் வந்து பொருந்தி, இணையாகி, உட்கருவுக்குள் போகிறார். மஞ்சள் துண்டை எடுத்தால் "டக்" என்ற ஓசையோடு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்த "டக்" ஓசைக்காகவே எங்கள் மேசையில் இருந்த தாதி ஒருவர் பத்து முறை அதைச் செய்து பார்த்தார்.

அதன் பிறகு ஆசிரியர் ஒவ்வொரு மேசைக்கும் வந்து, ஜாக்2 துண்டுகளைக் கழற்றிவிட்டு, வேறு இரண்டைக் கொடுத்தார். பார்வைக்கு அதே துண்டுகள்; பிடித்துவைக்கும் பாகத்தில் ஒரே ஒரு காந்தம் மட்டும் இல்லை. மஞ்சள் துண்டு வைக்காமலேயே இரண்டும் ஒட்டிக்கொண்டன. பிரித்தாலும் ஒட்டின. அந்தப் புரதத்தின் 617-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய வேலின் என்ற அமினோ அமிலம் ஃபினைல்அலனினாக மாறியிருப்பதுதான் வி617எஃப். மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் வந்த வினை. 2005-ல் நான்கு ஆய்வுக் குழுக்கள் இதை ஏறத்தாழ ஒரே நேரத்தில் அறிவித்தன. பாலிசைத்தீமியா வேரா நோயாளிகளில் சுமார் 95 விழுக்காட்டினரிடம் இது இருக்கிறது. அண்ணன் அந்தத் துண்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஹேண்ட்பிரேக் கம்பி அறுந்துபோச்சு, இஞ்சின்ல கோளாறு இல்ல" என்றார். ஆசிரியருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அடுத்த வகுப்பில் அதை அவர் தம் திரைக்காட்சியிலேயே சேர்த்துவிட்டார், அண்ணன் பெயரைப் போடாமல்.

எங்கள் வீட்டுக் கேள்விக்கும் அன்றே விடை கிடைத்தது. எரித்ரோபொயட்டினை முதன்முதலில் தூய நிலையில் பிரித்தெடுத்தது 1977-ல். அதற்கு 2,550 லிட்டர் மனிதச் சிறுநீர் தேவைப்பட்டது, அதுவும் மஜ்ஜை வற்றிப்போன அப்லாஸ்டிக் அனீமியா நோயாளிகளின் சிறுநீர். அவர்களுடைய சிறுநீரகம் "ரத்தம் வேண்டும்" என்று கத்திக்கொண்டே இருக்கிறது, மஜ்ஜையில் கேட்க ஆளில்லை. ஆகவே ஹார்மோன் பெருகி வழிகிறது. அண்ணனின் அறிக்கையிலோ எரித்ரோபொயட்டின் அளவு மிகக் குறைவு. ரத்தம் போதும் போதும் என்று சிறுநீரகம் வாயை மூடிக்கொண்டுவிட்டது, மஜ்ஜைதான் யாரும் கூப்பிடாமலே ஓடுகிறது. 1974-லேயே இந்த நோயாளிகளின் மஜ்ஜை அணுக்கள் கண்ணாடித் தட்டில் ஹார்மோன் சேர்க்காமலே சிவப்பணுத் திட்டுகளாக வளர்ந்ததைப் பார்த்துவிட்டார்கள். காரணம் தெரிய இன்னும் 31 ஆண்டுகள் ஆயின. கூப்பிடாமல் வரும் ரத்தம் என்பதால்தான் அது புற்றுநோய். அண்ணன் இதைத் தேக்காவில் தேநீர் குடிக்கும்போது எனக்கே திரும்ப விளக்கினார்.

தட்டணுக்களும் ஏன் கூடுகின்றன என்று அவர் கேட்டதற்கும் அதே பெட்டியில் பதில் இருந்தது. கல்லீரலில் உண்டாகும் திராம்போபொயட்டின் அமரும் ஏற்பியும், வெள்ளணுக்களை வளர்க்கும் ஜி-சிஎஸ்எஃப் அமரும் ஏற்பியும் அடியில் ஜாக்2 துண்டைத்தான் பயன்படுத்துகின்றன. நீலத் தூணைக் கழற்றிப் பச்சைத் தூணை மாட்டினால் போதும், கோளாறு அங்கேயும் போய்விடுகிறது.

இப்படி ஓர் இரண்டாம் வாரத்தைத் தந்தவர்கள் மூன்றாம் வாரத்தில் சறுக்கியது எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. சமிக்ஞையை எப்படித் தொடங்குவது என்பதற்கு மூன்று மணி நேரம். எப்படி நிறுத்துவது என்பதற்கு இருபது நிமிடம். ஸ்டாட்5 உட்கருவுக்குள் போய் முடுக்கும் மரபணுக்களில் சிலவற்றின் வேலையே அந்தச் சமிக்ஞையை அணைப்பதுதான். சிஸ், சாக்ஸ் என்ற புரதங்கள் பிறந்து வந்து, தம்மைப் பிறப்பித்த பாதையையே அடைக்கின்றன. ஏற்பியின் வாலில் எஸ்எச்பி-1 என்ற நொதி வந்து பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. அழைத்து முடிந்த ஏற்பி அணுவுக்குள் இழுக்கப்பட்டு அழிக்கப்படுகிறது. எல்லாம் ஒரே திரைப்பக்கத்தில், ஒரே மூச்சில். கையேட்டில் நிலைமை இன்னும் மோசம். "முடுக்கு" என்பதற்குப் பச்சை அம்பு, "நிறுத்து" என்பதற்குச் சிவப்பு அம்பு என்று வரைந்துவிட்டு, அச்சடிக்கும்போது செலவு மிச்சம் என்று கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார்கள். 38-ஆம் பக்கத்தில் பதினாறு அம்புகள், பதினாறும் ஒரே சாம்பல் நிறம். எது தூண்டுகிறது, எது தடுக்கிறது என்று ஆசிரியரே ஒரு நொடி தடுமாறினார். அண்ணன் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, திரையைப் பார்த்துப் பார்த்துத் தடுக்கும் அம்புகளின் மேல் கோடு போட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் அந்தப் பேனாவை இரவல் கேட்டார்கள்.

நிறுத்தும் பக்கத்தை விரிவாகச் சொல்லியிருந்தால், பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்ட ஒருவரை அவர்கள் வகுப்புக்குள் அழைத்து வந்திருக்கலாம். ஏரோ மேன்ட்டிரான்ட்டா என்ற ஃபின்லாந்து பனிச்சறுக்கு வீரர் 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். அவருக்கு ரத்தம் எப்போதும் அதிகம், ஊக்கமருந்து எடுக்கிறாரோ என்ற பேச்சும் இருந்தது. அவருடைய குடும்பத்தை ஆராய்ந்தவர்கள் 1993-ல் காரணத்தை வெளியிட்டார்கள்: அவர்களுடைய எரித்ரோபொயட்டின் ஏற்பியின் வாலில் கடைசி 70 அமினோ அமிலங்கள் இல்லை. அணைக்க வரும் நொதி உட்காருவதற்கு இடமே இல்லாததால், சிறிதளவு ஹார்மோனுக்கும் மஜ்ஜை நீண்ட நேரம் செவிசாய்க்கிறது. ஆனாலும் அது புற்றுநோயாகவில்லை. அங்கே ஹார்மோன் வந்து கூப்பிட்டால்தான் ரத்தம் வரும். அண்ணனுக்கோ கூப்பிடவே வேண்டியதில்லை. இந்த இருவரையும் அருகருகே வைத்துக் காட்டியிருந்தால், இயல்பான ரத்தப் பெருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் நடுவில் இருக்கும் கோடு எவ்வளவு மெல்லியது, எந்த இடத்தில் ஓடுகிறது என்பது எல்லாருக்கும் விளங்கியிருக்கும். வெறும் பெயர்ப்பட்டியலாகச் சொன்ன சாக்ஸ் புரதங்களை இன்றைக்கு அந்த அறையில் இருந்த எத்தனை பேர் நினைவு வைத்திருப்பார்கள்?

அதே வாரத்தின் பின்பாதியில் நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொண்டார்கள். இங்கே ஆசிரியர் மீண்டும் தம் நடைக்கு வந்துவிட்டார். 1960-ல் ஃபிலடெல்ஃபியாவில் கண்ணில் பட்ட குட்டைக் குரோமோசோம், அது 9, 22 என்ற எண்ணுள்ள குரோமோசோம்களுக்கு இடையில் நடந்த பண்டமாற்று என்று 1973-ல் ஜேனட் ரௌலி காட்டியது, அந்த ஒட்டில் பிறக்கும் பிசிஆர்-ஏபிஎல் என்ற ஓயாத நொதி, அதன் வாயை அடைக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001 மே மாதம் அமெரிக்காவில் கிடைத்த அனுமதி என்று கதை ஒழுங்காக நகர்ந்தது. ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அவர் எழுப்பிய கேள்விதான். பிசிஆர்-ஏபிஎல்லை அடைக்கும் மருந்து நோயை அவ்வளவு ஆழமாக அடக்குகிறது, நல்லபடியாக அடங்கியவர்களில் சிலரால் மருந்தையே நிறுத்திவிட முடிகிறது. அப்படியிருக்க ஜாக்2-ஐத் தடுக்கும் ருக்சொலிட்டினிப் ஏன் அதே அளவுக்குச் செய்வதில்லை? பிசிஆர்-ஏபிஎல் நோயுற்ற அணுக்களில் மட்டும் இருப்பது. ஜாக்2 நல்ல அணுக்களுக்கும் வேண்டும். அந்த மருந்து நல்லது கெட்டது இரண்டையும் தடுப்பதால், அளவைக் கூட்டினால் ரத்தசோகை வந்துவிடும். இயல்பான பாடத்தைப் படிக்காமல் நோயின் பாடத்துக்குத் தாவியிருந்தால் இந்தப் பதில் எனக்குப் புரிந்திருக்காது.

ஊட்ரமில் நடந்த ஒரு செய்தியையும் அவர் சொன்னார். இமாட்டினிப் சமிக்ஞையை நிறுத்தினாலும் சிலருடைய புற்றணுக்கள் சாகாமல் நின்றுவிடுகின்றன. ஏன் என்று சிங்கப்பூர் ஆய்வாளர்கள், டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியினர் முன்னின்று, 2012-ல் ஒரு விடை கண்டார்கள். அணுவின் தன்னழிவை நடத்திவைக்கும் பிம் என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு சிறு பகுதி பிறப்பிலேயே இல்லாதவர்கள் கிழக்கு ஆசியர்களில் ஏறத்தாழ 12 விழுக்காடு. கட்டளை போய்ச் சேருகிறது, நிறைவேற்ற வேண்டிய புரதம்தான் சரியாக உருவாவதில்லை. "சாகாதே" என்ற சொல் நின்ற பிறகு சாவதற்கும் ஒரு வழி இருந்தாக வேண்டும் என்று இரண்டாம் வாரத்தோடு இதை அவர் முடிச்சுப் போட்டார்.

நான்காம் வாரம் கடுமையான ரத்தப் புற்றுநோய்களுக்கு. எஃப்எல்டி3, நாட்ச்1 என்று மரபணுக்களின் பெயர்கள் வரிசையாக வந்தன, நேரமில்லாததால் வேகமாகவே போயின. ஒன்று மட்டும் மனத்தில் தங்கியது. இந்த நோய்களில் பெருக்கம் பாதிக் கதைதான். முதிராமல் தேங்கிப்போவது மறுபாதி. தமிழில் பூவுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு பருவப் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். இங்கே மஜ்ஜை முழுவதும் அரும்பாகவே நின்று, மலருக்கு இடமில்லாமல் போகிறது. புரோமைலோசைட்டிக் என்ற வகையில் அணுவின் ஏற்பி ஒன்று உடைந்து வேறொன்றோடு ஒட்டி, முதிர்ச்சிக்கான கதவைப் பூட்டிவிடுகிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ரெட்டினாயிக் அமிலத்தைக் கூடுதல் அளவில் கொடுத்தால் அந்தப் பூட்டுத் திறந்து, புற்றணு கொல்லப்படாமலே முதிர்ந்து தானாக உதிர்கிறது. ஷாங்காய் மருத்துவர்கள் 24 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1988-ல் வெளியிட்டார்கள். உடனே ஒருவர், அப்படியானால் வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா என்று கேட்டார். அந்த மருந்தையும் மருத்துவமனையில்தான், மருத்துவர் கண்காணிப்பில்தான் கொடுப்பார்கள், அதற்கும் ஆபத்தான பக்கவிளைவு உண்டு என்று ஆசிரியர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனது எனக்குப் பிடித்திருந்தது. தனிப்பட்ட நோயைப் பற்றி யார் கேட்டாலும் "உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்" என்று நான்கு வாரமும் உறுதியாக நின்றார்.

இனித் தமிழ்ச் சொற்பட்டியல். எழுதாமல் விட மனம் வரவில்லை. ஏற்பி என்று இருக்க வேண்டிய இடத்தில் "வரவேற்பாளர்" என்று போட்டிருக்கிறார்கள். குருத்தணுவுக்குத் "தண்டு". முதிராத அணுவைக் குறிக்கும் பிளாஸ்ட் என்ற சொல்லுக்குக் "குண்டுவெடிப்பு". அந்தத் தாளின்படி என் அண்ணனின் எலும்பு மஜ்ஜையில் இரண்டு விழுக்காடு குண்டுவெடிப்பு நடந்துகொண்டிருக்கிறது. இயந்திரத்தில் போட்டு எடுத்து, ஒரு தமிழரிடமும் காட்டாமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூத்தவர்கள் நம்பிக் கையில் வைத்திருக்கும் தாள் இது; பயந்துபோக மாட்டார்களா? மலாய்ப் பட்டியல் சரியாகவே இருக்கிறது என்று எங்கள் மேசைத் தாதி சொன்னார். நான் 22 சொற்களைத் திருத்தி மின்னஞ்சலில் அனுப்பினேன். "கவனத்தில் கொள்கிறோம்" என்று ஒரு வரிப் பதில் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில்.

160 வெள்ளிக்கு இது தகுமா என்றால், இரண்டாம் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்தின் பின்பாதிக்கும் தகும். ரத்த நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்கள், தொடக்கக்கல்லூரியில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள், பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பவர்கள் தாராளமாகப் போகலாம். நோய் புதிதாகத் தெரியவந்து இன்னும் கலக்கம் தீராதவர்கள் சற்றுப் பொறுத்துச் செல்வது நல்லது. நான்காம் வாரத்தின் வேகம் அவர்களுக்கு ஒத்துவராது. சிகிச்சை பற்றிய ஆலோசனையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பெட்டியைத் தனியாக 45 வெள்ளிக்கு விற்கிறார்கள். ஜாக்2 மாற்றுத் துண்டுகள் உள்ளே இருக்கின்றனவா என்று திறந்து பார்த்து வாங்குங்கள், எங்கள் பெட்டியில் ஒன்றுதான் இருந்தது, மாற்றித் தர ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெட்டி இப்போது அண்ணன் வீட்டில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்ற வாரம் ரத்தம் எடுக்கப் போனபோது ஹீமட்டோகிரிட் 44 என்று வந்தது; 45-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அவருக்கு இலக்கு. கையேட்டின் 38-ஆம் பக்கத்தைத் தாதியிடம் திறந்து காட்டி, சிவப்புக் கோடு போட்ட அம்புகள் எவை என்று அவர் விளக்கிக்கொண்டிருக்க, பை நிரம்பியது. அடுத்த தொகுதி வகுப்புக்குப் போகிறவர்கள் ஒரு சிவப்புப் பேனாவும் குளிருக்கு ஒரு மேல்சட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.